பனையோலையை எதில் கீறுவது? அனிமேஷன் மென்பொருள்களின் கோடுகள்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் அனிமேஷன் பழக விரும்பும் பெடியள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "அண்ணை, எந்த சொஃப்ட்வெயார் நல்லது?" ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லித் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் ஒரு கோட்டைக் கீறி முடித்ததும் அந்த மென்பொருள் அதைத் தன்னுள்ளே என்னவாக வைத்துக்கொள்கிறது?

கீறும்போது எல்லா மென்பொருளும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். பேனாவை இழுத்தால் கோடு வரும். கையை வைத்துத் திருத்தப் போகும்போதுதான் குணம் வெளிப்படும். அனிமேஷனில் நாம் புதிதாகக் கீறுவதைவிடத் திருத்துவதுதான் அதிகம். ஆகவே நான் இங்கே அளப்பது கீறும் சுகத்தை அல்ல, திருத்தும் சுகத்தை.

ஒப்பிடுவதற்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஆடும் ஒரு பனை. தலையில் முப்பதுக்குக் குறையாத ஓலைகள், ஒவ்வொன்றும் மடிப்பு மடிப்பாக விரிந்து கூர்நுனிகளில் முடிவது. கீழே பழுப்பு நிறத்தில் தொங்கும் காவோலைகள். பின்னால் வானத்தில், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுமே, அப்படி நீண்ட வால் கொண்ட ஒரு பட்டம். படம் எளிமையானது, ஆனால் இதில் எல்லாச் சோதனையும் உண்டு. ஓலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மடிப்புகளுக்கிடையே நிறம் நிரப்ப வேண்டும், அங்கே கோடுகள் முழுதாக முட்டியிருக்காது. பச்சை ஓலை காவோலையாக நிறம் மாற வேண்டும். பட்டத்தின் வால் ஒவ்வொரு கணமும் வளைவு மாறும் ஒரே நெடுங்கோடு.

பலர் முதலில் தொட்டது ஃபிளாஷ், இப்போதைய அடோபி அனிமேட். 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் பிறந்து, மக்ரோமீடியாவிடம் போய் ஃபிளாஷ் ஆகி, 2005இல் அடோபியின் கைக்கு வந்து, 2016இல் அனிமேட் என்று பெயர் மாறியது. 2020 இறுதியில் நிறுத்தப்பட்டது உலாவிகளில் ஓடிய ஃபிளாஷ் பிளேயர்தான், வரையும் மென்பொருள் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அனிமேட்டின் வரைமுறை தனி ரகம். ஒரே லேயரில் (அடுக்கில்) கீறும் உருவங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு வட்டத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டால் வட்டம் இரண்டு துண்டாகும். ஒரு துண்டை மட்டும் இழுத்து அப்பால் வைக்கலாம். தெரிவுக் கருவியை ஒரு நேர்கோட்டின் நடுவில் வைத்து இழுத்தால் கோடு வில்லாக வளையும். புள்ளியைத் தேட வேண்டாம், கைபிடியைப் பிடிக்க வேண்டாம். பனை மட்டையின் வளைவை இப்படி எடுப்பதுபோல இலகுவான வழி வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கோடுகளுக்கிடையே சிறு இடைவெளி இருந்தாலும், எவ்வளவு பெரிய இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நிறம் ஊற்றும் கருவியிடம் சொல்லிவிடலாம். ஓலையை ஒருமுறை கீறி சிம்பலாக்கினால் முப்பது ஓலையும் அதன் பிரதிகள். மூல ஓலையைத் திருத்தினால் முப்பதும் திருந்தும்.

குறை எங்கே என்றால், அதன் பழைய பிரஷ் கோட்டைக் கோடாக வைப்பதில்லை. நிறம் நிரம்பிய ஒரு வடிவமாக வைக்கிறது. அந்தக் கோட்டின் தடிப்பைப் பிறகு குறைக்க வேண்டுமானால் இரு பக்க விளிம்பையும் தனித்தனியே தள்ள வேண்டும். பட்டத்தின் வாலை இந்தப் பிரஷ்ஷால் கீறி, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு வடிவ ட்வீன் (இடையில் உள்ள வடிவங்களை மென்பொருளே நிரப்பும் வசதி) கொடுத்துப் பாருங்கள். வால் நடுவழியில் தன்னுள் தானே சுருண்டு நசுங்கிவிடும். வடிவக் குறிப்புப் புள்ளிகள் வைத்துச் சரிசெய்யலாம். அந்தப் புள்ளிகளுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர், இருபத்தாறும் தீர்ந்தால் அவையும் தீர்ந்தன. வாலைப் பென்சில் கருவியால் கீறினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஆனால் இதை யாரும் முதல் நாளில் சொல்லித் தருவதில்லை.

டூன் பூம் ஹார்மனி தொழிற்கூடங்களுக்கென்றே வளர்ந்தது. கனடாவின் மொன்றியலில் இருந்து வருகிறது. அதன் சிறப்பை ஒரே வரியில் சொல்வதென்றால், கோட்டையும் நிறத்தையும் அது பிரித்து வைக்கிறது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் நான்கு தட்டுகள்: அடித்தட்டு, நிறத்தட்டு, கோட்டுத்தட்டு, மேல்தட்டு. ஓலையின் மடிப்புக் கோடுகள் கோட்டுத்தட்டில் இருக்க, பச்சை நிறம் நிறத்தட்டில் இருக்கும். கோட்டை அழித்தாலும் நிறம் குலையாது. கைகால் மூட்டுள்ள பாத்திரம் கீறுபவர்களுக்கு இந்தப் பிரிவினையின் அருமை தெரியும். மேல்கையும் முன்கையும் சேருமிடத்தில் ஒன்றின் நிறத்தை மட்டும் மற்றதன் கோட்டின் மேல் போட்டு மூடினால், மூட்டுக் கோடு மறைந்து கை ஒரே கையாகத் தெரியும்.

இதில் பிரஷ், பென்சில் இரண்டும் இருக்கின்றன. பிரஷ் விளிம்பாலான வடிவத்தைத் தரும். பென்சில் நடுக்கோட்டைத் தரும். பென்சிலில் கீறிய கோட்டின் தடிப்பை எங்கே வேண்டுமானாலும் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். நிறம் ஒவ்வொன்றும் நிறப் பட்டியலில் தன் அடையாள எண்ணோடு இருப்பதால், ஓலைப் பச்சையைப் பட்டியலில் மாற்றினால் நூறு பிரேம்களிலும் மாறும். இவ்வளவும் இருந்தும் புதியவருக்கு நான் ஹார்மனியைச் சொல்வதில்லை. எசென்ஷியல்ஸ், அட்வான்ஸ்ட், பிரீமியம் என்று மூன்று படிகள். முக்கியமான நோட் பார்வை (படத்தின் பாகங்களை வலைபோல இணைத்துக் காட்டும் சாளரம்) பிரீமியத்தில் மட்டுமே. சந்தா டொலரில். 2022இல் சில மாதங்களுக்குள் 200 ரூபா அளவில் நின்ற டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறியதைக் கண்ட நாங்கள், மாதாமாதம் டொலரில் கட்டும் ஒரு கருவியில் பிழைப்பைக் கட்டுவதற்கு முன் ஆறுதலாக யோசிக்க வேண்டும். அனிமேட்டுக்கும் இதே பேச்சுத்தான்.

களவுப் பிரதி பாவிக்கலாமே என்பார்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்து மூலக் கோப்பை ஒப்படைக்க வேண்டிய நாளில் அந்த வழி அடைபட்டுவிடும். ஒரு கலைஞன் தன் வேலைக் கோப்பை யாருக்கும் தயங்காமல் திறந்து காட்டக்கூடியவனாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் ஒன்று: ஓப்பன்டூன்ஸ். இத்தாலியின் டிஜிட்டல் வீடியோ நிறுவனம் உருவாக்கிய டூன்ஸ், ஜப்பானின் ஜிப்லி கலைக்கூடம் பல காலம் பயன்படுத்திய கருவி. 2016 மார்ச்சில் அதை டுவாங்கோ நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்டது. வணிக வேலைக்கும் இலவசம். இதிலிருந்து கிளைத்த டஹோமா2டி கொஞ்சம் முகம் கழுவிய வடிவம், தொடங்குபவருக்கு அது இன்னும் இலகு.

இதன் வெக்டர் லெவலில் (கோடுகளை நிறப்புள்ளிகளாக அல்லாமல் வளைவுகளாக வைக்கும் வகையில்) கோடு என்பது உள்ளே கம்பி ஓடும் ஒரு மென்குழாய் போன்றது. கம்பியை வளைத்தால் குழாயும் வளையும். குழாயின் தடிப்பை வேறாக ஊதலாம். பம்ப் கருவியைக் கோட்டின் மேல் வைத்து இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் கோடு தடிக்கும். மக்னெட் கருவி ஒரு வட்டத்துக்குள் அகப்படும் கோடுகளையெல்லாம் சேர்த்து நகர்த்தும். அயர்ன் கருவி நடுங்கிய கோட்டை நீவிவிடும். பிஞ்ச் கருவி புள்ளியைத் தேடாமலே கோட்டைப் பிடித்து இழுக்க விடும். பனையோலையின் நுனி கூராக மெலிய வேண்டும், மட்டையோடு சேருமிடத்தில் தடிக்க வேண்டும். கீறிய பிறகு இதைச் செய்வதற்கு இவ்வளவு கருவிகளை வேறெந்த இலவச மென்பொருளும் தரவில்லை.

நிறம் நிரப்புவதிலும் இதன் போக்கு எனக்குப் பிடிக்கும். கோடுகள் ஒன்றையொன்று தாண்டிப் போனாலும் பரவாயில்லை. வெட்டிக்கொள்ளும் இடங்களை வைத்து அது தானே பகுதிகளைக் கணக்கிடும். முட்டாத இடங்களை டேப் கருவியால் ஒட்டிவிட்டால் நிறம் வழியாது. ஓலை மடிப்புகளைக் கை போன போக்கில் கீறிவிட்டுப் பிறகு நிறம் போடுபவர்களுக்கு இது வரம். நிறம் ஹார்மனியைப் போலவே பட்டியலோடு கட்டுப்பட்டது. காவோலையின் பழுப்பைச் சற்றுச் சிவக்க வைக்க வேண்டுமா, ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

இடைப்படங்களைத் தானே போட்டுத்தரும் வசதியும் இருக்கிறது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கீறிவிட்டு நடுவை நிரப்பச் சொல்லலாம். நிபந்தனை ஒன்று: இரண்டிலும் கோடுகளின் எண்ணிக்கையும் கீறிய வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் படத்தில் இடமிருந்து வலமாக மடிப்புகளைக் கீறிவிட்டுக் கடைசிப் படத்தில் வலமிருந்து தொடங்கினால் ஓலை நடுவில் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிக்கொள்ளும். கீறும் ஒழுங்கையே இது பழக்குகிறது. பட்டத்தின் வாலோ ஒற்றைக் கோடு. அதற்கு இந்த வசதி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும்.

ஓப்பன்டூன்ஸின் முகம் கரடுமுரடானது என்பது உண்மை. காலம் மேலிருந்து கீழாக ஓடும் எக்ஸ்ஷீட் முதலில் தலையைச் சுற்ற வைக்கும். கோப்புகளும் ஒரே கோப்பாக இல்லாமல் கோப்புறைகளில் சிதறி இருப்பதால், பென் டிரைவில் ஒரு கோப்பை மட்டும் கொண்டு போனால் வகுப்பில் படம் திறக்காது. முழுக் கோப்புறையையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

சின்ஃபிக் இதற்கு நேரெதிர். ராபர்ட் குவாட்டில்பாம் உருவாக்கி 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. இங்கே கையால் கீறும் இன்பம் குறைவு, கணக்கின் இன்பம் அதிகம். ஒவ்வொரு புள்ளியின் இடமும், அந்த இடத்தின் தடிப்பும், நிறமும் தனித்தனியே காலத்தோடு மாறக்கூடிய மதிப்புகள். வெளிக்கோடு ஒரு லேயர், உள்நிறம் இன்னொரு லேயர். இரண்டின் புள்ளிகளையும் இணைத்துவிட்டால் ஒன்றை அசைக்க மற்றதும் அசையும். பேனா டேப்லெட் இல்லாமல் மவுஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு நான் சின்ஃபிக்கைத்தான் சொல்வேன். ஓர் ஓலையை ஒழுங்காகப் புள்ளி வைத்துக் கட்டிவிட்டால், காற்றில் ஆடுவதற்கு இன்னொரு படம் கீறவே தேவையில்லை. ஒவ்வொரு பிரேமையும் புதிதாகக் கீற விரும்புபவருக்கு இது சிறை.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் இருக்கும் கிரீஸ் பென்சில், 2019இல் வந்த 2.80 பதிப்போடு முழுமையான இருபரிமாண அனிமேஷன் கருவியாகியது. நாம் கீறும் கோட்டை அது நெருக்கமான புள்ளிகளின் வரிசையாக முப்பரிமாண வெளியில் வைக்கிறது. வடலிக் காட்டுக்குள் கமெராவை நடத்திக்கொண்டு போக வேண்டும் என்றால் இதற்கு இணை இல்லை. முன்வரிசைப் பனைகள் விலகப் பின்வரிசைப் பனைகள் மெல்ல நகரும். பல பிரேம்களில் உள்ள கோடுகளை ஒன்றாகத் தெரிவுசெய்து ஒரே இழுப்பில் திருத்தவும் முடியும். ஆனால் புள்ளிகள் அதிகமாவதால், குறைந்த புள்ளிகளில் அடங்கும் துல்லியமான வளைவைத் திருத்தும் உணர்வு இங்கே வராது. நிறம் நிரப்புவதும் மற்றவற்றைவிடப் பொறுமை கேட்கும். பிளெண்டரின் 4 வரிசைப் பதிப்புகள் கணினியின் வரைகலைப் பகுதியிடம் ஓப்பன்ஜிஎல் 4.3 என்ற தரத்தைக் கேட்பதால், இரண்டாம் கையாக வாங்கிய பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது திறக்கவே மாட்டாது. வாங்குமுன் இதைப் பாருங்கள்.

மோஹோவைப் பற்றி இரண்டு வரி போதும். எலும்புக்கூடு வைத்துப் பாத்திரங்களை ஆட்டுவதில் கெட்டிக்காரன், சந்தா இல்லாமல் ஒரேயடியாக விலைக்கு வாங்கலாம். வாங்கும் வசதியிருந்து, பாத்திர அனிமேஷன்தான் உங்கள் தொழில் என்றால் நல்ல தெரிவு.

இப்போது என் பதில். பேனா டேப்லெட்டும் கீறும் கையும் இருந்தால் டஹோமா2டி அல்லது ஓப்பன்டூன்ஸில் தொடங்குங்கள். மவுஸ்தான் என்றால் சின்ஃபிக். ஹார்மனி வைத்திருக்கும் கலைக்கூடத்தில் வேலை கிடைத்தால் அங்கேயே அதைப் பழகிக்கொள்ளலாம். ஓப்பன்டூன்ஸில் நடுக்கோடு, பகுதி, நிறப் பட்டியல் என்பவற்றை விளங்கிக்கொண்டவருக்கு ஹார்மனி அந்நியமாக இராது. அனிமேட், கையில் பழைய கோப்புகள் இருப்பவருக்கு மட்டும்.

எதைத் தெரிவுசெய்தாலும் பக்கத்தில் இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைதல் மென்பொருள் இருக்கட்டும். அதில் காலக்கோடு இல்லை, ஆனால் தமிழ் எழுத்து இருக்கிறது. பிளெண்டரின் எழுத்துப் பொருளில் "யாழ்ப்பாணத்தைக் கொண்டாடுவோம்" என்று தட்டினால் கொம்பும் ஐகாரமும் எழுத்தின் பிழையான பக்கத்தில் போய் நிற்கும். இன்க்ஸ்கேப்பில் அதே வரி வடிவாக வரும். அங்கே தலைப்பை எழுதி, எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்விஜி என்ற வெக்டர் படக் கோப்பாகச் சேமித்து உங்கள் அனிமேஷன் மென்பொருளுக்குள் கொண்டு வாருங்கள். மாற்றுவதற்கு முன் எழுத்தாகவே உள்ள ஒரு பிரதியையும் தனியே வைத்திருங்கள். பாதையாக மாறிய பின் எழுத்துப் பிழையைத் தட்டித் திருத்த முடியாது.