மேலே மட்டும் மருந்து: ரப்பர் பலகை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் மரப் பலகை எடுப்பவர்கள் ஏமாறாதீர்கள். ‘பிரஷர் அடித்து மருந்து ஏற்றியது, சேம்பரில் (சூடேற்றும் அறையில்) உலர்த்தியது’ என்று அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு ஒரு மரமில்லில் எங்களுக்குத் தந்த பலகையில் செய்த கட்டில்கள் நாலாம் மாதமே உளுத்துவிட்டன. காலடியில் மைதா போல மாவு கொட்டிக் கிடக்கிறது. சட்டத்தில் குண்டூசி குத்தியது போல வட்டத் துளைகள்.

ரப்பர் மரத்துக்குத் தேக்கு போல வைரம் பாய்ந்த உட்கட்டை கிடையாது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மரம் முழுக்க இருப்பதால், வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை ஏறி நீலம் பாயும்; வண்டும் கூடவே வரும். தாமதிக்காமல் அறுத்து, போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த நீரை அடைத்த உருளைக்குள் முதலில் வெற்றிடம், பிறகு அழுத்தம் கொடுத்து நடு மரம் வரை ஏற்ற வேண்டும். அதன்பின் ஈரம் 8–12 சதவீதத்துக்கு வரும்வரை சேம்பரில் உலர்த்த வேண்டும். எங்களுக்கு வந்தது தொட்டியில் முக்கி எடுத்த பலகை. மேல்தோலில் ஒட்டிய மருந்தும் ஆசாரி இழைத்தபோது சுருளோடு போய்விட்டது.

இதைக் கண்டுபிடிக்க மஞ்சளே போதும். 10 கிராம் மஞ்சள்தூளை 90 கிராம் எத்தில் ஆல்கஹாலில் கலக்கி வடிகட்டுங்கள். இன்னொரு புட்டியில் 20 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஆல்கஹால் சேர்த்து 100 மில்லியாக்கி, இனிக் கரையாது என்னும்வரை சாலிசிலிக் அமிலம் போடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பலகையின் நுனியில் பார்க்காதீர்கள், அங்கே மருந்து எப்போதும் அதிகம் ஏறியிருக்கும். நடுவில் அறுத்த புது முகத்தில் முதல் கரைசலைத் தடவி, காய்ந்ததும் இரண்டாவதைத் தடவுங்கள். போரான் (போரிக் அமிலம், போராக்ஸ் இரண்டிலும் இருப்பது) உள்ள இடம் சிவக்கும். எங்கள் துண்டில் ஓரத்தில் நூல் கனத்துக்குச் சிவப்பு, உள்ளே முழுக்க மஞ்சள்.

‘வார்னிஷ் அடித்தால் நின்றுவிடும்’ என்றார் மில்காரர். நிற்காது, உள்ளே இருக்கும் புழு வண்டாகி, வார்னிஷையும் துளைத்துக்கொண்டுதான் வெளியே வரும். கருங்காபி நிறம் ஏற்றிய பலகை என்றால் இன்னும் உஷார், நீலம் பாய்ந்ததை மறைக்க அது வசதி.

மாற்றிக் கேட்டபோது அவர் பில்லைக் காட்டினார். ‘ரப்பர் பலகை’ என்று மட்டும் இருந்தது. முன்பணம் கொடுக்கும்முன், ‘போரான், பிரஷர் முறை, ஈரம் 12 சதவீதத்துக்குள்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.