பாலைவனத்தில் குடியேற: ஜோஷுவா ட்ரீயா, பொரேகோ ஸ்பிரிங்ஸா?

தென் கலிபோர்னியாவின் இவ்விரு ஊர்களில் எதில் குடியேறுவது என்று தயங்குபவர்கள் வீட்டு விலைக்கு முன் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

வெயில்: ஜோஷுவா ட்ரீ ஏறத்தாழ 830 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெப்பம் சற்றே தணிந்திருக்கும், 200 மீட்டருக்கும் தாழ்வான பொரேகோவிலோ கோடைப் பகல் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

தண்ணீர்: பொரேகோ நிலத்தடி நீரை மட்டுமே நம்பியிருக்கிறது, ஊறுவதைவிட வேகமாக இறைத்துவந்ததால், 2021ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்புப்படி 2040க்குள் இறைப்பதைப் பெருமளவு குறைத்தாக வேண்டும். தோட்டக் கனவுடன் வருபவர்கள் இதை முதலில் விசாரிப்பது நல்லது.

சுற்றித்திரிதல்: ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் வாகனக் கட்டணமும் கூட்டமும் உண்டு, அன்சா-பொரேகோ மாநிலப் பூங்காவின் மணல் தடங்களில் பல இடங்களில் கட்டணமின்றிக் கூடாரமடிக்கலாம்.

பாறையேறுபவர்களுக்கு ஜோஷுவா ட்ரீ ஏற்றது. இருண்ட வானையும் தனிமையையும் நாடி, கோடையில் வேறிடம் செல்லக்கூடியவர்களுக்குப் பொரேகோ.