வெள்ளைப் பலகையா, கூகுள் ஷீட்டா?

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைகளின் கெடுக்களை வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பதா, கூகுள் ஷீட்டில் பதிவதா என்பதே கேள்வி. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், கெடு வைக்க அமெரிக்க முதியோர் இல்ல விதியை ஒரு அளவாக எடுத்துக்கொள்ளலாம்: முதியவர் சேர்ந்த 14 நாளுக்குள் முழு மதிப்பீடு, அது முடிந்த 7 நாளுக்குள் பராமரிப்புத் திட்டம், பிறகு 92 நாளுக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு.

பலகை எல்லார் கண்ணிலும் படும். ஷிப்ட் மாறும்போது தாதி அதன் முன் நிற்பார். சமையல்கார அக்கா, "தாத்தாவுக்கு சோறு விழுங்கவே கஷ்டமா இருக்கும்மா" என்பார். திட்டத்துக்குத் தேவையான சேதியே அதுதான். பெயருக்குப் பதில் அறை எண் எழுதுங்கள், பார்க்க வருகிறவர்களும் படிப்பார்கள்.

ஷீட்டில் சேர்ந்த தேதியையும் மதிப்பீடு முடிந்த தேதியையும் போட்டு, சூத்திரம் எழுதிவிட்டால் மற்ற கெடுக்களை அதுவே கணக்கிடும். ஆனால் தினமும் அதைத் திறந்து பார்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பத்துப் பேருக்குள் என்றால் பலகையே போதும். அதற்கு மேல் போனால் ஷீட்தான் சரி. அந்த வாரத்துக் கெடுக்களை மட்டும் பலகையில் எழுதி வையுங்கள்.