விண்டோஸ் 11 சவுண்ட் செட்டிங்ஸ்: ஸ்பீக்கருக்குக் காவல் உண்டு, மைக்குக்கு இல்லை

முதலில் பாராட்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு ப்ளேயரில் சத்தத்தைக் குறைத்தால் கம்ப்யூட்டரில் ஓடும் மற்ற ஒலிகளும் சேர்ந்து இறங்குவது சகஜம். 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா ஒவ்வொரு ஆப்புக்கும் தனி வால்யூம் கொடுத்தது. விண்டோஸ் 11-இன் வால்யூம் மிக்ஸர் அதே ஏற்பாடுதான். ஸ்பீக்கர் பக்கம் நல்ல மார்க் போடலாம்.

மைக் பக்கம் வந்தால் கதை வேறு. மிக்ஸரில் ஆப் வாரியாக மைக் ஸ்லைடர் கிடையாது. எந்த ஆப்பும் உங்களைக் கேட்காமலே சிஸ்டத்தின் மைக் அளவைக் கைவைக்கலாம். ஜூமில் ‘ஆட்டோமேட்டிக்கலி அட்ஜஸ்ட் மைக்ரோஃபோன் வால்யூம்’ டிக் போட்டபடியேதான் வரும். பக்கத்தில் விண்டோஸின் இன்புட் ஸ்லைடரைத் திறந்து வைத்து, மைக்குக்கு நெருங்கி உரக்கப் பேசிப் பாருங்கள். நீங்கள் வைத்த எண் கண்ணெதிரே தானாக இறங்கும். மீட்டிங் முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று நம்ப வேண்டாம். அடுத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். எடிட்டிங்கில் ஏற்றினால் ஃபேன் சத்தமும் கூடவே ஏறும்.

ஆப் செய்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மைக் அளவு அதிகமாகி ஒலி உள்ளே நுழையும்போதே உடைந்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்ட வைக்க முடியாது. அதனால்தான் வாசலிலேயே குறைக்கிறார்கள். குறைக்கட்டும், போகும்போது இருந்தபடி வைத்துவிட்டுப் போகலாமே!

ஜூமில் அந்த டிக்கை எடுத்தால் போதும். குரோம் வழியே நடக்கும் மீட்டிங்கில் சிக்கல் கூடுதல்: பிரவுசர் செட்டிங்ஸில் இதற்கு ஸ்விட்ச் இல்லை, அந்தத் தளம் கொடுத்தால்தான் உண்டு. பலரும் சொல்லும் வைத்தியம், மைக்கின் ‘அட்வான்ஸ்ட்’ டேபில் எக்ஸ்க்ளூசிவ் டிக்கை எடுப்பது. அது ஒரு ஆப் மைக்கை முழுசாகப் பிடித்துக்கொள்வதைத்தான் தடுக்கும். லெவலுக்கு அது பூட்டு அல்ல.

விண்டோஸே செய்யும் குறும்பும் ஒன்று உண்டு. கால் வந்ததும் பாட்டுச் சத்தம் திடீரென்று அமுங்குகிறதா? செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய், கீழே ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து, ‘கம்யூனிகேஷன்ஸ்’ டேபைப் பாருங்கள். மற்ற ஒலிகளை 80% குறை என்பதுதான் அங்கே முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். ‘டு நத்திங்’ தேர்ந்து ஓகே கொடுங்கள். 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்த வசதி. இன்னமும் இப்படி ஒரு மூலையில் ஒளித்து வைத்திருப்பதற்கு மார்க் குறைக்க வேண்டியதுதான்.

அதே ஜன்னலில் ‘ரெக்கார்டிங்’ டேபில் உங்கள் மைக்கை இரட்டை க்ளிக் செய்து ‘லெவல்ஸ்’ பாருங்கள். பல லேப்டாப்களில் மைக் பூஸ்ட் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அது 20, 30 டெசிபலில் நின்றால் சாதாரணப் பேச்சே அலறலாகப் போகும், ஆப்பும் விடாமல் இறக்கிக்கொண்டே இருக்கும். 0 அல்லது 10-க்குக் கொண்டுவந்து, லெவலை 80 பக்கம் வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, பிறகு ஆப்பின் செட்டிங்ஸுக்குப் போங்கள்.