சாம்பார் பருப்பைத் தராசில் வைத்தபோது

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து சொன்னதும், "தினமும் சாம்பார் வைக்கிறேனே, அதுல இல்லாத புரதமாடா?" என்று கேட்டாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் குக்கரில் போடுமுன் பருப்பை நிறுத்தேன். நாலு பேருக்கு 100 கிராம் துவரம் பருப்பு. அதில் புரதம் ஏறக்குறைய 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை, அதாவது ஒரு முட்டையைவிடக் கொஞ்சம் குறைவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ இருக்கும் எனக்கு நாளுக்கு 50 கிராம். சோறும் தயிரும் இட்லியும் கொஞ்சம் தரும், சரி. ஆனால் சாம்பாரை மட்டும் நம்பினால் ஒன்பது பேர் பங்கை நானே குடிக்க வேண்டும்.

தாவரப் புரதம் 'முழுமையில்லை' என்ற வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் (புரதத்தின் கட்டுமானக் கற்கள்), அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். வெண்பொங்கல் அதைத்தான் செய்கிறது. வைட்டமின் பி12 மட்டும் பருப்பில் கிடைக்காது.

எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம்: புரதத்தோடு கூட என்ன வருகிறது என்பது. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் புரதம் 10 கிராம் போல வரும், மாவுச்சத்து அதைப்போல் இரண்டு மடங்காவது வரும். சாம்பாரோ தனியாக வருவதே இல்லை, சோற்றையும் இழுத்துக்கொண்டுதான் வரும். இரண்டு அவித்த முட்டையில் புரதம் 12 கிராம், மாவுச்சத்து ஒரு கிராம் அளவுதான். மத்தி மீனில் அதுவும் கிடையாது. சர்க்கரைக்குப் பயப்படுகிற ஆளுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

அதனால் காலையில் முட்டை, வாரம் மூன்று நாள் மீன் என்று மாறிவிட்டேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, மீன் வரத்து குறையும். அப்போது கைகொடுத்தது மீல் மேக்கர் என்கிற சோயா உருண்டை. பாதி எடை புரதம்தான். வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழியாவிட்டால் அந்த வாடை போகாது. சாசேஜ், சலாமி பக்கம் போகவில்லை. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களோடு 2015-லேயே உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை சேர்த்துவிட்டது.

ஆறு மாதத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஆனால் மாலை நடையும் அதே வாரம்தான் ஆரம்பித்தேன், முழுப் பெருமையையும் முட்டைக்குத் தர முடியாது. சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் என் கணக்கைப் பின்பற்ற வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

அம்மா முட்டையைத் தொடமாட்டாள். ஆனால் தராசைப் பார்த்த பிறகு பருப்பு 150 கிராமாகிவிட்டது. இப்போது சாம்பாரில் கரண்டி நிற்கிறது.