மலைப்பாதையில் வீடியோ ஓட: மீடியா3-ஆ, லிப்விஎல்சி-யா?

செங்கோட்டை–புனலூர் ரயிலில் ஆரியங்காவுப் பக்கம் குகைக்குள் நுழைந்தால் சிக்னல் அறுந்துவிடும். எல்லையோர ஊர்களில் ஒரே வீடியோவைத் தமிழிலும் கேட்பார்கள், மலையாளத்திலும் கேட்பார்கள். அங்குள்ளவர்களுக்கு ஆண்ட்ராய்டு ஆப் செய்தால், பிளேயரை இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆண்ட்ராய்டோடு வரும் மீடியாபிளேயர் மணிச்சத்தத்துக்குப் போதும். பஃபரை, அதாவது முன்கூட்டியே இறக்கி வைக்கும் வீடியோவின் அளவை, நம் இஷ்டத்துக்கு மாற்ற அதில் வழியில்லை.

மீடியா3 என்பது கூகுளின் வீடியோ பிளேயர் நூலகமான பழைய எக்ஸோபிளேயரின் இன்றைய வீடு; 1.0 பதிப்பு 2023-இல் வந்தது. பழைய எக்ஸோபிளேயர்2 நிரல் வரிகளை எங்கிருந்தும் நகலெடுக்காதீர்கள். வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறைக்குத் தனி மாட்யூல். அதை ஆப் கட்டும் கருவியான கிரேடிலில் சேர்க்க மறந்தால் ‘உள்ளடக்க வகை 2’ என்று பிழை காட்டி ஆப் விழும். எல்லா மாட்யூலுக்கும் ஒரே பதிப்பு எண் இருக்கட்டும்.

பஃபர் இயல்பாக 50 வினாடி. அதை 180 ஆக்கும்போது பலர் மேல் வரம்பை மட்டும் உயர்த்துகிறார்கள். கீழ் வரம்பு 50-லேயே இருந்தால், இருப்பு அதுவரை வடிந்த பிறகுதான் மறுபடி இறக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துக் குகை வந்தால் தொலைந்தது. இரண்டையும் 180 ஆக்குங்கள். 1 எம்பிபிஎஸ் வீடியோவுக்கு இது சுமார் 22 எம்பி. பார்ப்பவர் பாதியில் மூடினால் அவ்வளவு டேட்டாவும் வீண். மொழிக்கு, டிராக் தேர்வில் தமிழ், மலையாளம் என விருப்ப வரிசை கொடுத்தால் போதும். ஆனால் எச்எல்எஸ் துண்டுகளைப் பட்டியலிடும் பிளேலிஸ்டில் ஆடியோவுக்கு மொழிக்குறி எழுதியிருக்க வேண்டும்.

விஎல்சி பிளேயரின் உள் நூலகமான லிப்விஎல்சி எங்கே ஜெயிக்கிறது? யார் யாரோ தரும் எம்கேவி, ஏவிஐ கோப்புகளில். போனில் ஏசி3, டிடிஎஸ் ஒலி வகைகளைப் பிரித்துப் படிக்கும் டிகோடர் இல்லையென்றால் மீடியா3-இல் படம் ஓடும், சத்தம் வராது. லிப்விஎல்சி தன் டிகோடரையே கொண்டுவருகிறது. அதற்கு விலை ஆப்பின் எடை. செயலி வகைவாரியாகப் பிரித்து வெளியிடாவிட்டால் பல பத்து எம்பி கூடும். அதன் நேட்டிவ் கோப்புகள் (செயலிக்கே நேராக எழுதியவை) 16 கேபி நினைவகப் பக்க அளவுக்குப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ இலக்காக வைத்த ஆப்களுக்கு 2025 நவம்பர் முதல் பிளே ஸ்டோர் இதைக் கேட்கிறது.

கோப்புகளை நீங்களே தயாரிக்கிறீர்களா? மீடியா3 எடுங்கள், யோசிக்க வேண்டாம். சோதிக்க மலையேற வேண்டியதில்லை: வீடியோ ஓடும்போது ஏரோபிளேன் மோடை 5 நிமிடம் போடுங்கள். பஃபர் தீர்ந்ததும் பிளேயர் பிழை காட்டி நின்றுவிடும். சிக்னல் திரும்பினாலும் தானாக எழாது. நெட்வொர்க் வந்ததும் ‘பிரிப்பேர்’ கட்டளையை மீண்டும் அழைத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.