ஆப்பிரிக்கா மியூசியம், டெர்வூரன்: வெயிலடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போய், சிரட்டைகளில் சேர்ந்திருக்கும் பாலை வாளியில் ஊற்றுவேன். முழங்கையில் சிந்தும் பால் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். உரித்தால் முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும். அந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. பெல்ஜியத்தில் டெர்வூரன் என்ற சிற்றூரில் இருக்கும் ஆப்பிரிக்கா மியூசியத்தை நான் அந்த நினைவோடுதான் சுற்றிப் பார்த்தேன். அந்த மியூசியத்தின் கதைக்குள்ளும் ரப்பர் இருக்கிறது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போவது எளிது. பிரஸ்ஸல்ஸில் மொன்கொமரி நிலையத்தில் 44ஆம் எண் டிராம் ஏறினால் கடைசி நிறுத்தம் டெர்வூரன். பாதி வழிக்கு மேல் காடுதான், ஜன்னலோர இடமாகப் பிடியுங்கள். திங்கள்கிழமை விடுமுறை. விளக்கப் பலகைகள் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் இருக்கின்றன. நானும் கல்லூரியில் படிக்கும் மகளும் காலையில் நுழைந்தோம், வெளியே வர மாலையாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கட்டடம் ஒரு அரண்மனை. சுற்றிலும் பூங்கா, முன்னால் குளம். பெல்ஜிய அரசர் இரண்டாம் லெயோபோல்ட் ஆப்பிரிக்காவில் உள்ள காங்கோவில் சம்பாதித்த பணத்தில் கட்டச் சொன்னது, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஷார்ல் ஜிரோ வடிவமைத்தது. 1910இல் திறந்தபோது லெயோபோல்ட் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு டிசம்பரில் இறந்துவிட்டார். காங்கோ மண்ணை அவர் ஒரு நாளும் மிதித்ததில்லை என்பதை அந்த மாடிப்படிகளில் ஏறும்போது நினைத்துக்கொள்ளுங்கள். 1885 முதல் 1908 வரை அந்த நாடு பெல்ஜிய அரசுக்குக்கூடச் சொந்தமில்லை, அவர் ஒருவருக்குச் சொந்தம். பெல்ஜியத்தைப் போல 70 மடங்குக்கும் மேல் பெரிய நிலம் அது. 1884 நவம்பரில் பெர்லினில் கூடிய மாநாட்டில் 14 நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசினார்கள். ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அங்கே இல்லை. மாநாடு முடிந்த கையோடு லெயோபோல்ட் கேட்டது கிடைத்துவிட்டது. பெயர்: காங்கோ சுதந்திர நாடு.

இந்த மியூசியம் பல பத்தாண்டுகளாக அந்தக் காலத்தைப் பெருமையாகவே காட்டி வந்தது. 2013இல் மூடி, ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்து, 2018 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். இப்போது நுழைவு ஒரு புதிய கண்ணாடிக் கட்டடம் வழியாக. அங்கிருந்து நிலத்தடிப் பாதையில் பழைய கட்டடத்துக்குப் போக வேண்டும். பாதையில் ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடம் ஒன்று கிடக்கிறது. நீளம் 22.5 மீட்டர். பக்கத்தில் நடந்துகொண்டே இருக்கிறோம், ஓடம் முடிவதாக இல்லை! 1957இல் முன்னாள் அரசர் மூன்றாம் லெயோபோல்ட் காங்கோ போனபோது இதில்தான் பயணம் செய்தார். கீழ்த்தளத்திலேயே இன்னொரு அறையில், இனிமேல் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று முடிவெடுத்த பழைய சிலைகளையெல்லாம் ஒன்றாக அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கரைக் கொடியவராகவும் விலங்கைப் போலவும் காட்டிய சிலைகள். அவற்றை ஒளித்து வைக்காமல், இப்படித்தான் காட்டினோம் என்று ஒப்புக்கொண்டு வைத்திருப்பது எனக்குச் சரியாகப் பட்டது.

அப்புறம் மேலே, குவிமாடத்துக்குக் கீழே வட்டக் கூடம். சுவர் மாடங்களில் பொன்னிறச் சிலைகள். பெல்ஜியம் காங்கோவுக்கு நாகரிகம் கொண்டுவருகிறது என்று ஒன்றுக்குத் தலைப்பு. உயரமான ஐரோப்பிய உருவம், அதன் காலடியில் சின்னதாகக் கறுப்பு மக்கள். கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம் என்பதால் சிலைகளை எடுக்க முடியாது. அதனால் காங்கோக் கலைஞர் எமே ம்பானேயும் பெல்ஜியக் கலைஞர் ஜான் பியர் முல்லரும் சேர்ந்து ஒவ்வொன்றின் முன்னாலும் மெல்லிய திரை தொங்கவிட்டிருக்கிறார்கள். திரையில் வேறொரு படம். நேராக நின்றால் படமும் சிலையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், ஓரமாக நகர்ந்தால் சிலை மட்டும் எட்டிப் பார்க்கும். மகள் இங்கேயும் அங்கேயுமாக நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ம்பானே செதுக்கிய பெரிய மரத்தலையும் நிற்கிறது.

ஆனால் நீங்கள் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் நினைவுக் கூடம். ஒரு நீளச் சுவர் முழுக்கப் பெயர்கள். 1876க்கும் 1908க்கும் இடையில் காங்கோவில் இறந்த 1,508 பெல்ஜியர்கள். முதல் சில வரிசைகளைப் படித்துவிட்டு மகள் கேட்டாள்: "அம்மா, செத்துப்போன காங்கோக்காரங்க பேரு எங்கே இருக்கு?"

அப்போது வெளியே மேகம். நான் பதில் சொல்லவில்லை, பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெயில் வந்தது. எதிரே இருக்கும் ஜன்னல் கண்ணாடிகளில் பெயர்கள் எழுதியிருக்கின்றன. பெல்ஜியத்துக்கு வந்து இறந்துபோன காங்கோ மக்களின் பெயர்கள். வெயில் பட்டதும் அவை நிழலாக வந்து சுவர்மேல், அந்த 1,508 பேரின் மேல் விழுந்தன. ஃப்ரெடி சிம்பா என்ற காங்கோக் கலைஞரின் வேலை இது. மகளின் தோளிலும் ஒரு பெயரின் பாதி விழுந்தது. மேகம் மூடினால் நிழல் போய்விடுகிறது, சுவர் பழையபடி பெல்ஜியர்களுக்கு மட்டும் ஆகிவிடுகிறது. அதனால்தான் தலைப்பில் வெயில் என்று எழுதினேன். மழை நாளில் போனால் இந்த ஒன்றை இழந்துவிடுவீர்கள்.

காலனிய வரலாற்று அறைக்குப் போகும் முன் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் கார், ரப்பர் விலை ஏறிக்கொண்டே போனது. எங்கள் தோட்டத்து மரம் பிரேசிலில் இருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு விதையாகப் போய், அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. நட்டு ஆறேழு வருடம் காத்திருந்தால்தான் கத்தி வைக்க முடியும். காங்கோவில் யாரும் காத்திருக்கத் தேவையில்லை, காட்டில் ரப்பர் கொடி தானாகப் படர்ந்திருந்தது. ஆசியத் தோட்டங்கள் பால் கொடுக்கத் தொடங்கினால் விலை விழும், அதற்குள் முடிந்த மட்டும் கறந்துவிட வேண்டும். லெயோபோல்டின் அவசரம் இதுதான். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது ஒரு நொடியில் புரிந்தது.

அப்பா மரத்தின் பட்டையை நூல் கனத்துக்குத்தான் சீவுவார். ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும் என்று அவ்வளவு கவனம். காங்கோவில் கிராமத்துக்கு இவ்வளவு எடை என்று கணக்கு நிர்ணயித்தார்கள். பக்கத்துக் கொடிகள் வற்றியதும் ஆண்கள் காட்டுக்குள் நாள்கணக்கில் நடந்தார்கள், கொடியையே வெட்டிச் சாய்த்தார்கள். பாலை உறைய வைக்கக் கை, மார்பு, தொடையில் பூசிக் காயவிட்டு உரித்தார்கள். எனக்கு முழங்கையில் நாலு சொட்டு. அவர்களுக்கு உடம்பு முழுக்க, அதுவும் தினமும். ஆண்கள் ரப்பரோடு திரும்பும் வரை பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்காகச் சிப்பாய்கள் வெட்டிய கையைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. 1904இல் மிஷனரி ஆலிஸ் ஹாரிஸ் எடுத்த புகைப்படத்தில், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ன்சாலா என்ற அப்பா தன் சின்ன மகளின் வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆண்டுதான் இந்தக் கொடுமைகளைப் பற்றிப் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய அறிக்கையும் வெளிவந்தது. அதற்கும் முன்பே ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் எட்மண்ட் மொரெல் என்ற கப்பல் நிறுவனக் குமாஸ்தா, காங்கோவில் இருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும், அங்கே போகும் கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும் இருப்பதைக் கவனித்துவிட்டார். விலை கொடுத்து வாங்கினால் சரக்கு போக வேண்டுமே? சரக்கு போகவில்லை என்றால் அங்கே நடப்பது வியாபாரம் இல்லை.

இவ்வளவும் தெரிந்து போனதால், வரலாற்று அறை எனக்குப் போதவில்லை. விலங்குகளுக்கும் கனிமங்களுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. ரப்பருக்கென்றே ஒரு கூடம் வேண்டும். ஒரு கொடி, ஒரு கத்தி, உறைந்த பால் ஒரு உருண்டை, தொட்டு முகர்ந்து பார்க்கிற மாதிரி. அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் மக்கள் மறக்க மாட்டார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: முதலைக் கூடத்தை அந்தக் காலத்தில் இருந்தபடியே விட்டு வைத்திருக்கிறார்கள், யானையும் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெரியவர்கள் மாறி மாறி மற்ற அறைகளைப் பார்க்கலாம். இசைக் கருவிகளும் முகமூடிகளும் அருமை. அவை எப்படி இங்கே வந்து சேர்ந்தன என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

பார்த்து முடித்ததும் டிராமுக்கு ஓடாதீர்கள். ஊருக்குள் புனித யோவான் தேவாலயம் இருக்கிறது, நடக்கும் தூரம்தான். 1897இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக 267 காங்கோ மக்களைக் கப்பலில் கொண்டுவந்து, இந்தப் பூங்காவில் குடிசை போட்டு உட்கார வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். குளிரும் மழையுமான கோடை. ஏழு பேர் இறந்துபோனார்கள். தேவாலயச் சுவரோரம் ஏழு கற்பலகைகள் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் போனபோது இலைகள் விழுந்து மூடியிருந்தன. மகள் குனிந்து கையால் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தாள்: எக்கியா, கெம்பா, கிட்டுக்வா, ம்பெயா, ஸாவோ, சம்பா, மிபாங்கே.